வானத்தின் முன் நான் ஒன்றுமே இல்லையா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: "அண்டத்தின் அளவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. கடவுள் முன் தாழ்ந்து நில் என்கிறார்கள். அதே வாயால், அவருக்கு நீ அருமையானவன் என்றும் சொல்கிறார்கள். படைப்பைக் கவனித்தால் இரண்டும் விளங்கும் என்கிறார்கள். எனக்கு முதலாவது மட்டும்தான் விளங்குகிறது."

முதலாவதும் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்றுதான் சொல்வேன். கோபிக்க வேண்டாம். "நான் ஒன்றுமே இல்லை" என்ற நினைப்பு பார்வைக்குத் தாழ்மை மாதிரி இருக்கும். ஆனால் அதன் நடுவிலும் "நான்"தான் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. வானம் பார்க்கப் போனவர் வானத்தை விட்டுவிட்டுத் தன் உயரத்தை அளந்துகொண்டு வந்திருக்கிறார். கணக்கு குறைவாக வந்ததில் வருத்தம், அவ்வளவுதான். அளக்கிற அந்த வேலையையே மறந்துபோவதுதான் தாழ்மை. அதற்குப் படைப்பு பெரிய துணை. மதிப்பு வேறு விஷயம். அதைப் படைப்பு தனியாகத் தந்துவிடாது என்பது என் கருத்து. மேடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்பவருக்குக் குழப்பம் வருவதில் வியப்பில்லை.

முதலில் அளவு. அதைக் குறைத்துச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. அதற்கு அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியிலிருந்து ஒளி வர 4.2 ஆண்டுகள். மனிதர் அனுப்பியவற்றிலேயே மிகத் தொலைவு போயிருக்கும் வாயேஜர் 1, நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அத்தனை தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். இத்தனைக்கும் அது நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம். நம் சூரியன் இருக்கும் நட்சத்திரக் கூட்டமான பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு); அதில் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை நட்சத்திரங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியின் ஆய்வு மைய இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தன் விருப்பப்படி செலவிடலாம் என்று தனக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரத்தை எடுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்த ஓர் இடத்தைப் பார்க்கக் கொடுத்தார். சப்தரிஷி மண்டலத்தின் பக்கம் ஒரு துணுக்கு வானம். நேரம் வீணாகும் என்று எச்சரித்தவர்களும் இருந்தார்கள். 10 நாள் அந்த இருட்டையே பார்த்து எடுத்த படத்தில் ஏறத்தாழ 3,000 கேலக்ஸிகள், அதாவது பால்வீதி போன்ற நட்சத்திரக் கூட்டங்கள், இருந்தன. முழு வானத்தையும் மூட அப்படிப்பட்ட துணுக்குகள் 2 கோடிக்கு மேல் வேண்டும். உங்களுக்குத் தலை சுற்றினால் அது நியாயம்தான். சுற்றாதவர்கள் அந்த எண்களைப் படிக்கவில்லை, கண்ணால் கடந்துபோனார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதிலிருந்து நேராக "ஆகவே எனக்கு மதிப்பில்லை" என்று தாவுவதற்கு நடுவில் ஒரு படி காணாமல் போகிறது. பழைய மனிதர் பூமியைப் பெரிது என்று நம்பினார்கள், அதனால் தங்களையும் பெரிதாக நினைத்தார்கள், அறிவியல் வந்து இருவரையும் சிறிதாக்கியது என்று ஒரு கதை உலவுகிறது. அது வரலாறு இல்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே வானியலாளர் தாலமி, வானத்தோடு ஒப்பிட்டால் பூமி வெறும் ஒரு புள்ளி என்று எழுதிவைத்துவிட்டார். பூமியை நடுவில் வைத்தவரே அவர்! புள்ளி என்பது அவர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

நம் மொழியிலும் தெரிந்த செய்திதான். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் திருவண்டப் பகுதியைத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள்:

"அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்"

அளக்க முடியாத அண்ட உருண்டைகள் 101 கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன. வீட்டுக்குள் நுழையும் வெயில் கற்றையில் தூசு மிதக்குமே, அந்தத் தூசு அளவுக்கு அவை சிறுத்துப்போகும்படி இறைவன் பெரியவன். (இதை வைத்து மாணிக்கவாசகருக்கு நவீன வானியல் முழுதும் தெரியும் என்று வாதாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பாட்டின் வேலை வேறு.)

இதில் எனக்குப் பிடித்தது, சிறியது எது என்ற கேள்விக்கு அவர் தரும் விடை. நாம் வழக்கமாக அண்டத்தை ஒரு பக்கமும் நம்மை மறுபக்கமும் நிறுத்திவிட்டு, கடவுளை அண்டத்தின் பக்கம் சேர்த்துவிடுகிறோம். அவர் பெரியவர், அதுவும் பெரிது, இரண்டும் ஒரு கட்சி, நான் மட்டும் தனி என்பதுபோல. மாணிக்கவாசகர் அண்டம் முழுவதையும் தூக்கி நம் பக்கம் வைத்துவிடுகிறார். அளவில்லாத ஒருவர் முன் ஒன்றும் கோடியும் சமம். கோடி எந்த விதத்திலும் அவருக்குக் கூடுதல் நெருக்கம் ஆகிவிடாது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி என்னைவிடக் கடவுளுக்கு ஓர் அங்குலம்கூட அருகில் இல்லை. எனவே "இவ்வளவு பெரிய அண்டத்தை நடத்துகிறவர் என்னை எங்கே கவனிக்கப்போகிறார்" என்று கேட்பது பக்தி போலத் தோன்றினாலும், அது கடவுளை வேலை அதிகமாகிப்போன ஓர் அதிகாரியாக நினைப்பது. அவரைப் பெரிதாக்குவதாக எண்ணிக்கொண்டு சிறிதாக்குகிறோம்.

அளவு எதையும் தீர்மானிக்காது என்றால் படைப்பிலிருந்து கற்க என்ன மிச்சம்? நிறைய. அதைத்தான் பைபிளில் உள்ள யோபுவின் நூலிலிருந்து சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எந்த மரபிலிருந்து கேட்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லை; ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த நூலைவிட நேராகப் பதில் சொல்லும் இடம் எனக்குத் தெரியாது.

யோபு நல்ல மனிதர். சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போய்விடுகின்றன. ஏன் என்று கடவுளிடம் கேட்கிறார். நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். கடைசியில் கடவுளே பேசுகிறார். 38-ஆம் அதிகாரம் தொடங்கி 41 முடிய, நான்கு அதிகாரம். அதில் யோபுவின் துன்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று ஆரம்பித்து, கடலுக்குக் கதவு, உறைபனியின் பண்டசாலை, அறுமீன், மிருகசீரிஷம் என்று வானம் வரை போய், அங்கிருந்து சிங்கக்குட்டி, காக்கைக்குஞ்சு, காட்டுக்கழுதை, பருந்து என்று இறங்கி வருகிறார். வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார். முட்டையை மண்ணில் போட்டுவிட்டு மறந்துபோகும் நெருப்புக்கோழியைக்கூட விடவில்லை. அதற்கு அறிவு கொடுக்கப்படவில்லை, ஆனால் ஓட ஆரம்பித்தால் குதிரையையும் அதன்மேல் இருப்பவனையும் பார்த்துச் சிரிக்கும் என்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது கண்டிப்பைவிட ஒரு குதூகலம்தான் என் காதில் விழுகிறது. தன் கைவேலையை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறவரின் குரல் அது.

நடுவில் ஒரு வரி வருகிறது. மனிதர் குடியில்லாத இடத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்து அங்கே பூண்டு முளைக்கிறதே, அதைச் செய்வது யார் என்று. விவசாயத்துக்கு உதவாத மழை. யாரும் பார்க்காத பசுமை. மனிதக் கணக்கில் அது வீண். கடவுள் அதை வீணாக நினைக்கவில்லை. உலகம் என்னைச் சுற்றி ஓடவில்லை என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது. யோபுவின் வலி பொய் என்று இங்கே சொல்லப்படவில்லை. அந்த வலிக்கு வெளியேயும் ஒரு பெரிய வாழ்வு நடந்துகொண்டிருக்கிறது, அதற்கும் ஒருவர் பொறுப்பாக இருக்கிறார் என்று மட்டும் காட்டப்படுகிறது.

1977-இல் காலபாகஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற நீர்மூழ்கி சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியபோது, போனவர்கள் நிலவியலாளர்கள். கடலடியில் வெந்நீர் ஊற்று தேடிப் போனார்கள். வெயிலே எட்டாத அந்த இருட்டில் உயிர்க்கூட்டம் ஒன்றைக் கண்டார்கள். குழுவில் உயிரியலாளர் ஒருவரும் இல்லை. அந்த ஊற்றுகளில் வாழும் ராட்சதக் குழாய்ப் புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. மனித இனம் தோன்றுவதற்கு எவ்வளவோ முன்பிருந்து, நம்மிடம் ஒரு பாராட்டும் வாங்காமல் இப்படி ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது. "இந்த உலகமே உனக்காகப் படைக்கப்பட்டது" என்று யாராவது உங்களைத் தேற்ற வந்தால், அந்தப் புழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வகைத் தேறுதல் நீண்ட நாள் தாங்காது.

யோபுவின் கதையில் பலர் கவனிக்காமல் தாண்டும் ஒரு திருப்பம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அதுதான் மையம். இதையெல்லாம் கேட்ட யோபு 40-ஆம் அதிகாரத்தில், "இதோ, நான் நீசன்" என்று சொல்லி, கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஏறக்குறைய நீங்கள் சொன்ன அதே வாக்கியம். பாடம் தாழ்மை மட்டும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். மாணவன் படித்துவிட்டான், மணி அடிக்கலாம். கடவுள் முடிக்கவில்லை. புருஷனைப்போல இடைகட்டிக்கொள், நான் கேட்கிறேன், நீ பதில் சொல் என்று மறுபடி ஆரம்பிக்கிறார். "ஒன்றுமில்லை" என்று சுருண்டவனை எழுப்பி நிறுத்திப் பேசுகிறார். சிங்கத்தைப் பற்றிச் சொன்னார், சிங்கத்திடம் இப்படிச் சொல்லவில்லை. கடைசி அதிகாரத்தில் யோபு, உம்மைப்பற்றிக் காதால் கேட்டிருந்தேன், இப்போது என் கண் உம்மைக் காண்கிறது என்கிறார். அதன்பின் விளக்கம் சொன்ன நண்பர்களைக் கடவுள் கண்டித்து, யோபுவிடம் போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்வான் என்று அனுப்புகிறார். சாம்பலில் உட்கார்ந்திருந்தவர், மற்றவர்களுக்காகக் கடவுளிடம் பேசும் இடத்துக்கு வந்துவிட்டார்.

தாழ்மை, மதிப்பு இரண்டும் அவருக்கு ஒரே உரையாடலில் கிடைத்தன. ஆனால் வேறு வேறு வழியில் கிடைத்தன. காட்டப்பட்டவை தாழ்மையைத் தந்தன. காட்டியவர் தன்னிடம் பேசினார் என்பது மதிப்பைத் தந்தது. நெருப்புக்கோழியைத் தனியாகப் பார்த்திருந்தால் யோபுவுக்கு முதலாவது மட்டும் கிடைத்திருக்கும், உங்களுக்குக் கிடைத்ததுபோல.

இப்போது நீங்கள் கேட்கலாம்: படைப்பின் நுணுக்கத்தைப் பார்த்தாலே படைத்தவரின் அன்பு தெரியாதா? ஓரளவு தெரியும். பட்டைவால் மூக்கன் என்றொரு கரையோரப் பறவை இருக்கிறது. 2022 அக்டோபரில், பிறந்து 5 மாதமே ஆன ஒரு பறவை அலாஸ்காவில் கிளம்பி, பசிபிக் கடலைத் தாண்டி, 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. உடலில் பொருத்தியிருந்த செயற்கைக்கோள் கருவி பதிவு செய்த தூரம் 13,560 கிலோமீட்டர். அதற்கு முன் ஒருமுறைகூட அது அந்த வழியில் போனதில்லை. இந்தப் பறவைகள் புறப்படும் முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வழியில் தேவைப்படாத இரைப்பை, குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கின்றன. இதைப் படித்தபின் "சிறியது" என்ற சொல்லை "கவனிக்கப்படாதது" என்ற பொருளில் என்னால் பயன்படுத்த முடியவில்லை. இரண்டு குருவி ஒரு காசுக்கு விற்கப்பட்டாலும் அவற்றில் ஒன்றும் பிதா அறியாமல் தரையில் விழாது என்று இயேசு சொன்னதும், கொசுவை உதாரணமாகச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று குர்ஆன் சொல்வதும் இதே திசையில்தான்.

ஆனால் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, பொரிந்த குஞ்சுகள் அதை உயிரோடு உள்ளிருந்து தின்னும்படி விடும் குளவிகளும் இருக்கின்றன. 1860-இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் இந்தக் குளவியைத்தான் குறிப்பிட்டு, நன்மையே உருவான கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னை நம்பவைக்க முடியவில்லை என்றார். நில அதிர்வும் படைப்பில் இருக்கிறது, புற்றுநோயும் இருக்கிறது. பூவையும் பனித்துளியையும் மட்டும் எடுத்துக் காட்டி "பார், கடவுள் உன்னை எவ்வளவு நேசிக்கிறார்" என்று சொல்பவர், துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். இயற்கை ஒருவரை வாயடைக்கச் செய்யும், வியக்கச் செய்யும், சில சமயம் நடுங்கச் செய்யும். "நீ என்னுடையவன்" என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் குரல் வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

மதிப்புக்கு மனிதர் வேறு அஸ்திபாரங்களும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் சொன்னது புகழ்பெற்றது. மனிதன் ஒரு நாணல், இயற்கையிலேயே மெலிந்தது. ஆனால் சிந்திக்கும் நாணல். அண்டம் அவனை நசுக்கினாலும் அவனே மேலானவன், ஏனென்றால் தான் சாகிறோம் என்று அவனுக்குத் தெரியும், அண்டத்துக்கு ஒன்றும் தெரியாது. அழகான எண்ணம்தான். ஆனால் நான் அதில் முழுப் பாரத்தையும் ஏற்றமாட்டேன். இன்று பிறந்த குழந்தைக்குத் தான் சாவோம் என்று தெரியாது. நினைவு முழுதும் அழிந்துபோன முதியவருக்கும் தெரியாது. சிந்தனைதான் மதிப்பு என்றால் அவர்களை எங்கே வைப்பது? நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன என்று பெருமையோடு சொல்லும்போதும் இதே சிக்கல் வரும். அவை ஒவ்வொன்றாக அணையும் நோய்களும் உண்டு. அணைய அணைய அந்த மனிதரின் மதிப்பும் குறைகிறது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மாணிக்கவாசகர் வேறு இடத்தில் அஸ்திபாரம் போடுகிறார். அண்டங்களைத் தூசாகக் கண்ட அதே மனிதர் திருக்கோத்தும்பியில் பாடுகிறார்: "நானார்என் உள்ளமார் ஞானங்க ளார்என்னை யாரறிவார் வானோர் பிரானென்னை ஆண்டிலனேல்." தான் யார் என்ற கேள்விக்கு அவர் தன் அறிவையோ தவத்தையோ பதிலாகக் காட்டவில்லை, அவற்றையும் சேர்த்தே கேள்விக்குள் தள்ளிவிடுகிறார். இறைவன் ஆட்கொண்டான், அதனால் நான் ஒருவன் ஆனேன் என்பதுதான் அவர் பக்க நியாயம். கோயில் திருப்பதிகத்தில் இன்னும் துணிச்சல்: "தந்ததுன் றன்னைக் கொண்டதென் றன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்." நீ உன்னைத் தந்தாய், என்னை வாங்கிக்கொண்டாய், இந்த வியாபாரத்தில் யார் கெட்டிக்காரர் என்று கடவுளிடமே கேலி பேசுகிறார். தன்னை நாயினும் கடையன் என்று சொல்லிக்கொண்டவர்தான் இப்படியும் பேசுகிறார். தாழ்மை ஒருவரைக் கூனவைக்கும் என்று நினைத்தால் இந்தக் கேலிக்கு விளக்கமே கிடைக்காது.

பைபிளின் எட்டாம் சங்கீதமும் இதே இடத்தில் நிற்கிறது. சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்க்கும்போது, மனிதனை நீர் நினைப்பதற்கு அவன் எம்மாத்திரம் என்று அதில் தாவீது கேட்கிறார். எவ்வளவு சிறியவன் என்று அங்கலாய்ப்பதாக நாம் அதைப் படிக்கிறோம். அவர் வியப்பது வேறொன்றை: இத்தனைக்கும் நடுவில் நினைக்கப்படுகிறேனே என்று. அளவில் தோற்றுவிட்ட பிறகும் நினைக்கப்படுவதால்தான் அது வியப்பு. மனிதன் நட்சத்திரத்தைவிடப் பெரியவனாக இருந்திருந்தால் அந்தப் பாட்டுக்கு அவசியமே இருந்திருக்காது.

எனவே வரிசையை மாற்றிப் பாருங்கள். மதிப்பு முதலில் அருளாக வந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், படைப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். அதன்பின் எல்லாமே கொடுக்கப்பட்டதாகத் தெரியும். உங்கள் உடலில் சுமார் 4 கிராம் இரும்பு இருக்கிறது, பெரும்பகுதி ரத்தத்தில். அந்த இரும்பு பூமி உருவாகும் முன்பே எங்கோ நட்சத்திரங்களில் உருவாகி, அவை வெடித்தபோது சிதறி வந்தது. உங்கள் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அதையும் விடப் பழையது. அண்டத்தின் தொடக்க நேரத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு வயது. பூமியில் உற்பத்தியாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களால் வருகிறது. அவற்றில் மிக அதிகமாக இருக்கும் புரோகுளோரோகாக்கஸ் 1980-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு காலமும் அது யாரென்றே தெரியாமல் அதன் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். இதை அறிந்தபின் நெஞ்சை நிமிர்த்தி "என் சொந்த உழைப்பில் வாழ்கிறேன்" என்று சொல்ல வாய் வராது. அதே நேரத்தில், இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்துக் கொடுத்த ஓர் உயிரை "ஒன்றுமில்லை" என்று தூக்கிப் போடவும் கை வராது.

இது நடைமுறையில் எப்படி என்று கேட்டால், என் யோசனைகள் கொஞ்சம்தான். எண்களைக் குறைவாகப் படியுங்கள், பொருள்களை அதிகம் பாருங்கள். தொலைநோக்கிப் படங்களின் பளபளப்பான நிறங்களில் பல, கண்ணுக்குத் தெரியாத அலைநீளங்களையும் விவரங்களையும் காட்டுவதற்காகப் பிறகு சேர்க்கப்படுபவை. அவற்றைத் திரையில் பார்த்துப் பார்த்து நிஜ வானம் சப்பென்று தெரிய ஆரம்பித்துவிடுகிறது. இருண்ட இடத்தில் நின்று, கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் கொடுத்து, ஆண்ட்ரோமீடாவைத் தேடிப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு திட்டு, அவ்வளவுதான். கி.பி. 964-இல் பாரசீக வானியலாளர் அல் சூஃபி அதைச் சிறு மேகம் என்று குறித்துவைத்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனிக் கேலக்ஸி என்பது 1920-களில்தான் உறுதியானது. அந்தத் திட்டின் ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. வானம் தெரியாத இடத்தில் இருந்தால் ஓர் எறும்பு வரிசை போதும், கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால். பார்த்தபின் உங்களைப் பற்றி யோசிக்காதீர்கள். பார்த்ததைப் பற்றி நன்றி சொல்லுங்கள், வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. நன்றி சொல்லும்போது தன்னை அளக்கும் பழக்கம் தானாகவே கொஞ்ச நேரம் நின்றுவிடும். நிற்கவேண்டும் என்று முயன்றால் நிற்காது.

நீங்கள் சரியான தாழ்மையில் இருக்கிறீர்களா என்று அறிய உள்ளுக்குள் தோண்டிப் பார்க்கவும் வேண்டாம். மற்றவர்களிடம் நடந்துகொள்வதில் அது தெரிந்துவிடும். உயிர் ஆற்றுநீர் போகும் வழியில் போகும் தெப்பம்போல் செல்கிறது என்று கண்டுகொண்ட கணியன் பூங்குன்றனார், அதன் விளைவாகச் சொல்வது இதைத்தான்: "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." "யாதும் ஊரே" என்ற முதல் வரியைச் சொல்பவர்கள் இந்தக் கடைசி வரிவரை வருவதில்லை. வானத்தைப் பார்த்துத் தான் தூசு என்று உருகிவிட்டு, வீட்டுக்கு வந்து எளியவர் ஒருவரைத் தூசுபோல் நடத்தினால், அவர் பார்த்தது வானத்தை அல்ல.

ஒன்று பாக்கி. "நான் ஒன்றுமே இல்லை" என்ற எண்ணம் வானத்தைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் வந்து போகிறது என்றால் மேலே சொன்னவை உதவும். அது காலையில் எழுந்ததும் இருக்கிறது, வாரக்கணக்கில் போகவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன, பிடித்த வேலைகளிலும் மனம் செல்லவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதை இறையியல் கேள்வியாக எடுத்துக்கொண்டு புத்தகத்தில் விடை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சையில் குணமாகக்கூடியது. நெருங்கிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றை ஒன்று தடுப்பதில்லை.